அடுப்புக்கும் விளக்குக்கும் கணக்கு எழுதிய தமிழர்

மும்பையிலிருந்து நாகபுரி வழியாகக் கல்கத்தா செல்லும் ரயில் பாதையில் வர்தா ஒரு முக்கிய நிலையம். சென்னையிலிருந்து டில்லி செல்லும் பாதையும் அதற்கு அருகில், சேவாகிராமத்தில் வந்து சேர்ந்துகொள்கிறது. வேலை தேடி வடக்கே வந்த நம்மவர்களில் பலர் அந்த வழியாகத்தான் வந்திருப்பார்கள். வண்டி நிற்கும் சில நிமிடங்களில் தேநீர் குடித்துவிட்டு மறுபடி ஏறியிருப்பார்கள்.

அந்த வர்தா நகரில் ஒரு தமிழர் பல ஆண்டுகள் தங்கி உழைத்தார். ஏழை வீட்டின் அடுப்பு எதனால் எரிகிறது, விளக்கு எதனால் எரிகிறது, அந்தக் காசு எந்த ஊருக்குப் போகிறது என்று கணக்குப் பார்த்தார். சூரிய சக்தி, சாண எரிவாயு, புகையில்லா அடுப்பு என்றெல்லாம் இன்று அரசாங்கங்கள் பேசுகின்றன. இவற்றுக்கு அடிப்படையான எண்ணத்தை அவர் 1945-ஆம் ஆண்டிலேயே புத்தகமாக எழுதி முடித்துவிட்டார்.

அவர்தான் காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி.குமரப்பா.

தஞ்சையில் பிறந்தார்

குமரப்பா 1892-ஆம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி தஞ்சாவூரில் பிறந்தார். கிறிஸ்தவக் குடும்பம். பெற்றோர் வைத்த பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ். தந்தை அரசாங்கப் பொதுப்பணித் துறையில் உத்தியோகம் பார்த்தவர். வீட்டில் கட்டுப்பாடும் கணக்கும் உண்டு. ஒரு பைசா செலவானாலும் எதற்கு என்று சொல்ல வேண்டும்.

இளைஞர் கொர்னேலியஸ் லண்டனுக்குச் சென்று கணக்குத் தணிக்கை படித்தார். தேர்ச்சி பெற்று அங்கேயே வேலையும் பார்த்தார். தாயார் அழைத்ததன் பேரில் 1919-ல் தாயகம் திரும்பினார். பம்பாயில் ஆடிட்டர் தொழிலில் இறங்கினார். சில ஆண்டுகளில் சொந்தமாகவே தணிக்கை நிறுவனம் நடத்தினார். மேல்நாட்டு உடை, மேல்நாட்டுப் பழக்க வழக்கம், கை நிறைய வருமானம். பம்பாயில் அன்று ஒரு தமிழர் அடையக்கூடிய உயர்வு அவருக்குக் கிடைத்திருந்தது.

1927-ல் மேல்படிப்புக்காக அமெரிக்கா சென்றார். சிரக்யூஸ் பல்கலைக் கழகத்தில் பட்டம் பெற்றபின் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக் கழகத்தில் சேர்ந்தார். அங்கே ஒரு கூட்டத்தில் இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்பது பற்றிப் பேசினார். அந்தப் பேச்சு பத்திரிகையில் வந்தது. அதைக் கண்ட பேராசிரியர் செலிக்மன் அதையே ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

குமரப்பா பிரிட்டிஷ் இந்திய அரசாங்கத்தின் வரவு செலவை ஒரு தணிக்கையாளர் கண்ணோடு புரட்டினார். ஏழை விவசாயி கொடுக்கும் வரி எங்கே போகிறது என்று பார்த்தார். அது அவனுக்குத் திரும்பி வரவே இல்லை என்று கண்டார். பிறருக்குக் கணக்கு எழுதி வந்தவரின் மனம் அங்கேதான் மாறியது. குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பா என்பதை அவரும் அவருடைய சகோதரர்களும் மீண்டும் சூட்டிக்கொண்டார்கள்.

மரத்தடியில் ஒரு கிழவர்

1929-ல் இந்தியா திரும்பிய குமரப்பா, தம் ஆராய்ச்சியைப் படித்துப் பார்த்து அபிப்பிராயம் சொல்லும்படி காந்திஜியைக் கேட்டுக்கொண்டார். மே 9-ந் தேதி ஆமதாபாத்தில் சபர்மதி ஆசிரமத்தில் சந்திப்பு ஏற்பாடாயிற்று.

பட்டு உடையும் கைத்தடியுமாகக் குமரப்பா போய்ச் சேர்ந்தார். குறித்த நேரத்துக்கு இன்னும் சில நிமிடம் இருந்தது. ஒரு மரத்தடியில், சாணம் மெழுகிய தரையில், ஒரு கிழவர் உட்கார்ந்து ராட்டை சுற்றிக்கொண்டிருந்தார். குமரப்பா கைத்தடியை ஊன்றியபடி நின்று வேடிக்கை பார்த்தார். நேரம் வந்ததும் அந்தக் கிழவரே பேச்சைத் தொடங்கினார். அவர்தான் காந்திஜி என்று அப்போதுதான் தெரிந்தது. விலை உயர்ந்த உடையைப் பற்றிக் கவலைப்படாமல் குமரப்பா அந்தச் சாணத் தரையிலேயே உட்கார்ந்தார்.

அவருக்கு அப்போது வயது 37. அன்று தரையில் உட்கார்ந்தவர் பிறகு நாற்காலிக்குத் திரும்பவில்லை.

காந்திஜி அவரைக் குஜராத் வித்யாபீடத்துக்கு அனுப்பினார். கேடா மாவட்டத்தில் மாத்தர் தாலுகாவில் 54 கிராமங்களின் பொருளாதார நிலையை வீடு வீடாகக் கணக்கெடுக்கும் வேலை கிடைத்தது. மாணவர்களை அழைத்துக்கொண்டு கிராமம் கிராமமாக நடந்தார். விவசாயி எவ்வளவு சம்பாதிக்கிறான், எதை வாங்குகிறான், என்ன கடன் என்று எழுதினார். அந்த அறிக்கை 1931-ல் வெளிவந்தது. பின்னர் காந்திஜியின் யங் இந்தியா பத்திரிகையில் எழுதியதற்காகச் சிறை சென்றார்.

காந்திஜிக்கும் சலுகை இல்லை

1934 ஜனவரி 15-ந் தேதி பீகாரில் பெரும் பூகம்பம் ஏற்பட்டது. நிவாரண நிதியின் கணக்கு வழக்குகளைப் பார்க்கக் குமரப்பா அழைக்கப்பட்டார். தொண்டர் ஒருவரின் சாப்பாட்டுக்கு நாளொன்றுக்கு 3 அணாதான் என்று அவர் திட்டம் செய்தார். காந்திஜி தம் குழுவினருடன் பீகாருக்கு வந்தபோது, அந்தக் குழுவின் செலவை நிவாரண நிதியிலிருந்து தர முடியாது என்று சொல்லிவிட்டார். நிதி, வீடிழந்தவர்களுக்காக வந்தது என்பது அவர் வாதம். காந்திஜிக்குக் கோபம் வரவில்லை. தமக்கு வேண்டிய ஆள் இவர்தான் என்ற நம்பிக்கையே உறுதிப்பட்டது.

அதே ஆண்டு டிசம்பரில் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் தோன்றியது. அதன் செயலாளர் பொறுப்பு குமரப்பாவிடம் வந்தது. வர்தாவில் ஜம்னாலால் பஜாஜ் அளித்த தோட்டத்தில் சங்கம் அமைந்தது. காந்திஜியின் உறவினரும் ஆசிரமத்தின் தூணாக இருந்தவருமான காலஞ்சென்ற மகன்லால் காந்தியின் நினைவாக அந்த இடத்துக்கு மகன்வாடி என்று பெயர்.

காலணாக் கணக்கு

மகன்வாடியில் குமரப்பா கையில் எடுத்தவை சின்னச் சின்ன விஷயங்கள். நெல் குத்துவது, செக்கு ஆட்டுவது, பனைவெல்லம் காய்ச்சுவது, கையால் காகிதம் செய்வது, தேனீ வளர்ப்பது, சோப்பு காய்ச்சுவது. பட்டணத்துப் பொருளாதார நிபுணர்கள் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். ஆனால் குமரப்பாவின் பார்வை ஒரு ஆடிட்டரின் பார்வை. வீட்டில் அன்றாடம் செலவாகும் சின்னப் பொருளில்தான் கிராமத்தின் பணம் ஒழுகிப் போகிறது என்பதை அவர் அறிந்திருந்தார்.

உதாரணத்துக்கு மண்ணெண்ணெயை எடுத்துக்கொள்வோம். ஒரு வீட்டில் நாளொன்றுக்குக் காலணாவுக்கு மண்ணெண்ணெய் வாங்குவதாக வைத்துக்கொண்டால், ஓர் ஆண்டில் 365 காலணா. அன்றைய நாணயத்தில் ஒரு ரூபாய்க்கு 64 காலணா. ஆக ஒரு வீட்டுக்கு 5 ரூபாய் 11 அணாவுக்கு மேல் ஆகிறது. நூறு வீடுள்ள கிராமம் என்றால் ஆண்டுக்கு 570 ரூபாய்! அந்தக் காலத்தில் அது சிறிய தொகை அல்ல. இதில் கடைக்காரரின் லாபம் தவிர மற்றதெல்லாம் கிராமத்தை விட்டு, கடைசியில் எண்ணெய்க் கம்பெனிக்குப் போய்ச் சேரும்.

அதே கிராமத்தைச் சுற்றி வேம்பு நிற்கிறது. இலுப்பை நிற்கிறது. புங்கை நிற்கிறது. விதை கீழே விழுந்து வீணாகிறது. அதைப் பொறுக்குகிறவருக்குக் கூலி, செக்காட்டுகிறவருக்குக் கூலி, மிஞ்சும் பிண்ணாக்கு வயலுக்கு உரம். காசு ஊரை விட்டுப் போகாது.

மகன் தீபம்

சொல்வது சுலபம். ஆனால் தாவர எண்ணெயை மண்ணெண்ணெய் விளக்கில் ஊற்றினால் எரியாது. மண்ணெண்ணெய் தண்ணீர் போல் இளகியது. திரி வழியே விறுவிறுவென்று மேலே ஏறும். வேப்பெண்ணெயோ கெட்டியானது, அதிக உயரம் ஏறாது. எண்ணெயின் மட்டம் சுடருக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அதனால்தான் நம் பாட்டிமார்கள் அகல் விளக்கை அவ்வளவு தட்டையாக வைத்திருந்தார்கள். ஆனால் அகலில் வெளிச்சம் குறைவு, காற்றடித்தால் அணைந்துவிடும்.

மகன்வாடிக்காரர்கள் இதற்கென்று தாவர எண்ணெயில் எரியும் ஒரு விளக்கை உருவாக்கினார்கள். அதற்கு மகன் தீபம் என்று பெயர்.

அந்த விளக்கைக் கேலி செய்தவர்களுக்கு உலகப் போர் பதில் சொன்னது. 1942-ல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த எண்ணெய் நின்றது. மண்ணெண்ணெய்க்குக் கடும் பஞ்சம் ஏற்பட்டது. எங்கோ தூர தேசத்தில் நடக்கும் சண்டை நம் வீட்டு விளக்கை அணைக்க முடியும் என்பதை அன்று ஒவ்வொரு குடும்பமும் கண்டது. வேப்ப மரத்தை எந்தப் படையும் முற்றுகை இடவில்லை.

தாய்மார்களின் கண்ணீர்

விளக்கை விடப் பெரிய பிரச்சினை அடுப்பு. மூன்று கல்லைக் கூட்டி விறகு வைத்தால் வெப்பத்தில் பெரும் பகுதி வெளியே வீணாகும். புகை முழுவதும் வீட்டுக்குள் நிற்கும். கண்ணைக் கசக்கிக்கொண்டு, இருமிக்கொண்டு, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சமைக்கும் தாய்மாரை நம் ஊர்களில் யார் பார்த்ததில்லை?

மகன்வாடியிலிருந்து மகன் அடுப்பு என்ற புகையில்லா அடுப்பு பிறந்தது. மண்ணாலேயே செய்வது. ஒரு வாயில் விறகு வைத்தால், அனல் முதல் பானையின் அடியில் பட்டு, உள்ளே உள்ள துவாரம் வழியே அடுத்த பானைக்குப் போகும். சோறு கொதிக்கும்போதே பக்கத்தில் பருப்பு வேகும். மிஞ்சிய புகை, குழாய் வழியாகக் கூரைக்கு மேலே போய்விடும். இதற்குக் கம்பெனிச் சாமான் தேவையில்லை. ஊர்க் குயவரும் வீட்டுப் பெண்களுமே செய்துகொள்ளலாம்.

சாணத்தைப் பற்றியும் குமரப்பாவுக்கு உறுதியான கருத்து உண்டு. சாணம் வயலுக்குச் சொந்தம். அதை வரட்டி தட்டி எரிப்பது, மண்ணுக்குச் சேர வேண்டிய சாப்பாட்டை அடுப்பில் போடுவது போல என்று அவர் எண்ணினார். ஆனால் விறகு இல்லாத ஏழை வேறு என்ன செய்வாள்? இந்தச் சிக்கலுக்குப் பின்னாளில் சாண எரிவாயு வழி காட்டியது. சாணத்தைத் தொட்டியில் கரைத்துக் காற்றுப் புகாமல் மூடினால் வாயு உண்டாகும். வாயு அடுப்புக்கு, மிஞ்சும் கரைசல் வயலுக்கு. இரண்டு பேருக்கும் நஷ்டமில்லை. கழிவிலிருந்து வாயு எடுப்பது பம்பாய்க்குப் புதிதும் அல்ல. மாதுங்காவில் இருந்த தொழுநோயாளர் இல்லத்தில் 1897-ஆம் ஆண்டிலேயே கழிவுத் தொட்டி வாயுவைக் கொண்டு எஞ்சின் ஓட்டியிருக்கிறார்கள்.

மண் சுவரின் குளுமை

வர்தாவுக்குப் பக்கத்தில் சேவாகிராமத்தில் 1936 முதல் காந்திஜியின் ஆசிரமம் எழுந்தது. அங்கே கட்டிய குடில்களும் இதே எண்ணத்தில் பிறந்தவைதான். மண் சுவர், மூங்கில், நாட்டு ஓடு. எல்லாம் அக்கம் பக்கத்தில் கிடைத்தவை.

கோடையில் வர்தாவின் வெயில் அனலாகக் கொதிக்கும். கனத்த மண் சுவர் மெதுவாகத்தான் சூடேறும். வெயில் உள்ளே இறங்குவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். தகரக் கூரைக்கு அடியில் மே மாதம் கழித்த தாராவி வாசிகளுக்கு இந்த வித்தியாசத்தை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

1938 டிசம்பர் 30-ந் தேதி மகன் சங்கிரகாலயம் என்ற கிராமத் தொழில் காட்சிசாலையைக் காந்திஜி வர்தாவில் திறந்து வைத்தார்.

சிறையில் எழுதிய புத்தகம்

வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் குமரப்பா மறுபடி சிறைப்பட்டார். ஜபல்பூர் சிறையில் உடல் நலம் கெட்டது. அங்கேதான் எக்கானமி ஆப் பெர்மனன்ஸ் என்ற புத்தகத்தை எழுதினார். நிலைத்து நிற்கும் பொருளாதாரம் என்று அதற்கு அர்த்தம். காந்திஜி அதற்கு முன்னுரை எழுதியது பம்பாய் செல்லும் ரயிலில். தேதி 1945 ஆகஸ்டு 20. கிராமத் தொழில் டாக்டர் என்று குமரப்பாவுக்கு வேடிக்கையாக ஒரு பட்டமும் அதில் கொடுத்தார்.

அந்தப் புத்தகத்தின் சாரம் ஒரு குமாஸ்தாவுக்குச் சுலபமாகப் புரியும். இயற்கை தரும் செல்வம் இரண்டு வகை. நிலக்கரி, பெட்ரோல் போன்றவை தேங்கிய குளம். எடுக்க எடுக்கக் குறையும், திரும்ப ஊறாது. ஓடும் ஆறு, வளரும் மரம் முதலியவை இன்னொரு வகை. அளவோடு எடுத்தால் ஆண்டுதோறும் வந்துகொண்டே இருக்கும். நம் பாஷையில் சொன்னால் முன்னது பிராவிடண்ட் பண்டு. பின்னது மாதச் சம்பளம். சம்பளத்துக்குள் குடும்பம் நடத்துகிறவன் நிம்மதியாக இருப்பான். பிராவிடண்ட் பண்டை எடுத்து அன்றாடம் அரிசி வாங்குகிறவன் ஒருநாள் தெருவில் நிற்பான். அதோடு, தேங்கிய குளம் குறையக் குறைய அதைச் சுற்றிச் சண்டை வரும்; பெட்ரோலுக்காகத் தேசங்கள் யுத்தம் செய்யும் என்றும் குமரப்பா எச்சரித்தார்.

தோல்வியா?

நாடு விடுதலை அடைந்தது. காங்கிரஸ் அமைத்த நிலச் சீர்திருத்தக் குழுவுக்குக் குமரப்பா தலைவரானார். உழுகிறவனுக்கே நிலம் என்ற வழியில் 1949-ல் அறிக்கை வந்தது. ஆனால் தேசத்தின் போக்கு வேறு திசையில் சென்றது. பெரிய அணை, பெரிய ஆலை, ரசாயன உரம், டிராக்டர் என்று திட்டங்கள் எழுந்தன. குமரப்பா பகிரங்கமாக எதிர்த்து எழுதினார். நேற்றுவரை உடன் சிறையில் இருந்தவர்கள் மந்திரிகளாகி அவரைப் பிடிவாதக்காரர் என்றார்கள். அவர் பதவி எதையும் நாடவில்லை. மணம் செய்துகொள்ளவும் இல்லை, சொத்தும் சேர்க்கவில்லை.

உடல் நலம் குன்றியதும் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார். மதுரை மாவட்டம் டி.கல்லுப்பட்டியில் காந்தி நிகேதன் ஆசிரமத்தில் எளிய குடிலில் வாழ்ந்தார். குடிலில் காந்திஜியின் படம் ஒன்று. அதோடு ஓர் ஏழைக் குடியானவரின் படம். காந்திஜி தமக்கு எஜமானர் என்றும், அந்த எஜமானருக்கு எஜமானர் இந்தக் குடியானவர் என்றும் பார்க்க வந்தவர்களிடம் சொல்வார்.

1960 ஜனவரி 30-ந் தேதி, காந்திஜி மறைந்த அதே நாளில், சென்னையில் குமரப்பா காலமானார். வயது 68.

அவருடைய சாதனங்கள் எல்லாம் வென்றுவிட்டன என்று சொல்ல முடியாது. மின்சாரம் வந்தது, மகன் தீபம் மறைந்தது. புகையில்லா அடுப்பைப் பரப்ப 1980-களில் மத்திய அரசு தேசியத் திட்டமே போட்டது. கோடிக்கணக்கில் அடுப்புகள் கொடுத்தும், புகைக்குழாயைச் சுத்தம் செய்யாமலும் பழுது பார்க்க ஆளில்லாமலும் பல அடுப்புகள் மூலையில் கிடந்தன. 2002-ல் அந்தத் திட்டம் நின்றது. பிறகு கிராமங்களுக்கும் காஸ் சிலிண்டர் வந்தது. தாய்மார்களின் கண்ணில் புகை குறைந்தது உண்மை. அது பெரிய நன்மைதான்.

ஆனால் குமரப்பா எழுதிய கணக்கு பொய்யாகவில்லை. 1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும் உலகமே தடுமாறியது. அதே ஆண்டு ஷூமாக்கர் என்ற அறிஞர் லண்டனில் வெளியிட்டுப் புகழ் பெற்ற ஸ்மால் இஸ் பியூட்டிபுல் என்ற நூலில் குமரப்பாவின் கருத்துகளை எடுத்துக் காட்டினார். ரேஷன் கடையில் மண்ணெண்ணெய்க்காகக் கால் கடுக்க நின்றவர்களுக்கும், சிலிண்டர் விலை ஏறும் போதெல்லாம் மாதக் கணக்கைத் திருத்தி எழுதும் இல்லத்தரசிகளுக்கும் அந்தக் கணக்கு புரியும்.

2024-ல் வீட்டுக் கூரைகளில் சூரிய மின்சாரம் அமைக்க, ஒரு கோடி வீடுகளுக்கென்று மத்திய அரசு திட்டம் அறிவித்தது. வெயில் அன்றாடம் வரும் சம்பளம். அதைச் செலவழித்தால் எந்தக் குளமும் வற்றாது.

குமரப்பா சேர்த்துப் பார்த்த வேலையை இன்று கதர் கிராமத் தொழில் கமிஷன் நடத்தி வருகிறது. அதன் தலைமை அலுவலகம் மும்பையில் விலே பார்லேயில் இருக்கிறது. அவருடைய சகோதரர் ஜே.எம்.குமரப்பா, டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக இதே நகரில் பணியாற்றினார். பம்பாய்க்குப் பிழைக்க வந்த ஒரு தமிழ் ஆடிட்டர், நல்ல வருமானத்தை உதறிவிட்டு ஏழையின் அடுப்படிக்குக் கணக்கு எழுதப் போனார் என்பதை இந்த நகரத்துத் தமிழர்கள் மறக்கக் கூடாது. அடுத்த முறை அந்த வழியாகப் போகும் வண்டி சேவாகிராமத்தில் நின்றால், ஜன்னல் வழியே ஒரு நிமிடம் அந்த மண்ணைப் பார்க்கலாம். விடுமுறை இருந்தால் இறங்கி, மகன்வாடிக்கும் போய் வரலாம்.